300 தோட்டா ஏற்றிவிட்டேன், எதில் மருந்து கூடுதல் என்று தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?

ஹூஸ்டன்வாசி
(இழையைத் தொடங்கியவர், ஞாயிறு காலை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முழுக்க கராஜில் உட்கார்ந்து 9 மி.மீ. தோட்டா 300 ஏற்றினேன், அதாவது காலிப் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து மூடினேன். 115 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது எடை அளவு, ஒரு பவுண்டுக்கு 7,000), ஹெச்பி-38 மருந்து. என்னிடம் இருப்பது கைப்பிடியை இழுத்தால் அளவாக மருந்து கொட்டும் சாதாரண அளவைதான். காலையில் பத்துக் கூட்டுக்கு ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், சரியாக இருந்தது. மதியம் சாப்பிட்டு வந்த பிறகு பார்க்கவில்லை. கடைசிக் கூட்டை மூடப் போகும்போது மனசு கேட்காமல் நிறுத்துப் பார்த்தால் 0.6 கிரெயின் கூடுதல். அளவையின் லாக் நட் தளர்ந்து, திருகு தானாகவே சுற்றியிருக்கிறது.

எப்போது தளர்ந்தது என்று தெரியவில்லை. ஏற்றிய தோட்டாவை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாலாவது காலையில் செய்தது எது, மாலையில் செய்தது எது என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டேன்.

தோட்டாவை ஒவ்வொன்றாக நிறுத்து, கனமானதை மட்டும் ஒதுக்க முடியுமா? முடியாதென்றால் 300-ஐயும் பிரிக்க வேண்டும். இதுவரை ஒரு தோட்டாவைக்கூடப் பிரித்ததில்லை. எதை வைத்துப் பிரிப்பது, பிரித்த பிறகு எதையெல்லாம் திரும்பப் பயன்படுத்தலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழையபித்தளை
(அரிசோனா)

தம்பி, கடைசியில் நிறுத்துப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் அந்த ஒன்றையும் மூடிவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

முதலில் அந்த டப்பாமேல் “சுடக்கூடாது” என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இப்போதே. நீங்கள் மறக்கமாட்டீர்கள், சரி. ஆனால் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு உங்களோடு வரும் நண்பர் டப்பாவைப் பார்த்துக் கை நீட்டினால்?

எடை போட்டுப் பிரிக்கும் கேள்விக்கு வருகிறேன். முடியாது. ஏன் என்று பாருங்கள். 9 மி.மீ. தோட்டா முழுசாக ஏறக்குறைய 185 கிரெயின் இருக்கும், அதில் மருந்து வெறும் ஐந்து கிரெயின் பக்கம்தான். பித்தளைக் கூட்டின் எடையே கம்பெனிக்குக் கம்பெனி ஐந்தாறு கிரெயின் மாறும். குண்டிலும் அரை கிரெயின், ஒரு கிரெயின் ஏற இறங்க இருக்கும். நீங்கள் தேடுவதோ 0.6 கிரெயின். ஒரு தோட்டா கனமாக இருந்தால் அது மருந்தின் கனமா, தடித்த கூட்டின் கனமா என்று எந்தத் தராசாலும் சொல்ல முடியாது.

0.6 என்றால் சின்ன விஷயம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்த மாதிரி வேகமாக எரியும் மருந்துக்கு 9 மி.மீ.யில் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவில் இருப்பதே அரை கிரெயின் சொச்சம்தான். கூட்டுக்குள் இடமும் கொஞ்சம், அதனால் மருந்து சிறிது கூடினாலும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். 9 மி.மீ.க்கு அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்த உச்சமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்ட். அதைத் தாண்டினால் கூட்டின் அடிப்பகுதி பிளக்கலாம், பிளந்தால் சூடான வாயு மேகசின் வழியாக உங்கள் கைக்குத்தான் வரும்.

300-ஐயும் பிரியுங்கள். வேறு வழி கிடையாது.


குளிர்நாட்டுக்காரி
(மினசோட்டா)

பழையபித்தளை அண்ணா சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். எடை போடுவது பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. நான் ஏற்றுவது .308 ரைஃபிள் தோட்டா. அதில் மருந்து மட்டும் நாற்பது கிரெயினுக்கு மேல், அதனால் ஒரே கம்பெனிக் கூடாக இருந்தால் மருந்தே விழாத தோட்டாவை எடை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவுதான், அதற்குமேல் நுணுக்கமாக அதிலும் முடியாது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் அந்த வசதியும் இல்லை.

பிரிக்கும் கருவி இரண்டு வகை. சுத்தியல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் புல்லர் ஒன்று. தோட்டா ஏற்றும் பிரஸ் இயந்திரத்தில் மாட்டும் காலெட் புல்லர் இன்னொன்று. காலெட் வகையில் தோட்டாவை மேலே ஏற்றி, லீவரைத் திருப்பினால் காலெட் குண்டைக் கவ்விக்கொள்ளும், பிரஸ் கையை மேலே விட்டால் கூடு மட்டும் கீழே இறங்கும், குண்டு மேலேயே நின்றுவிடும். மருந்து ஒரு துளிகூடச் சிந்தாது, கூட்டுக்குள்ளேயே இருக்கும், தட்டில் கவிழ்த்தால் போதும். தட்டும் சத்தம் இல்லை. ரைஃபிள் தோட்டா நிறையப் பிரிக்க வேண்டியிருந்தால் இதை விட்டால் வேறில்லை என்பேன்.

ஆனால் உங்களுக்கு இது அவ்வளவு ஒத்துவராது. 9 மி.மீ. குண்டு குட்டை, முனையும் உருண்டை. கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நேர்ப்பகுதி மிகக் குறைவு, காலெட்டுக்குப் பிடி கிடைக்காமல் வழுக்கும். ஈயக் குண்டாக இருந்தால் நசுக்கியே விடும். ஒவ்வொரு குண்டு அளவுக்கும் தனிக் காலெட்டும் வாங்க வேண்டும். நீங்கள் சுத்தியலே வாங்குங்கள்.


ஹூஸ்டன்வாசி

நன்றி அண்ணா, நன்றி அக்கா. டப்பாமேல் சிவப்பு மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

அந்தச் சுத்தியல் புல்லரைப் படத்தில் பார்த்தேன். உயிருள்ள தோட்டாவை உள்ளே வைத்து ஓங்கித் தட்டச் சொல்கிறார்கள். உண்மையிலேயே வெடிக்காதா? மனைவி பக்கத்தில் நின்று கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


பழையபித்தளை

தங்கை கேட்பது நியாயமான கேள்வி. அது வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் பயம் போய்விடும், எங்கே பயப்பட வேண்டுமோ அங்கே மட்டும் நிற்கும்.

ஊரில் மண்வெட்டிக் காம்பு ஆடினால் என்ன செய்வார்கள்? காம்பின் அடியைத் தரையில் ணங் ணங் என்று குத்துவார்கள். காம்பு சட்டென்று நிற்கும், மேலே இருக்கும் கனமான இரும்பு நிற்காமல் கீழே இறங்கிக் காம்பில் இறுகும். இதுவும் அதே சங்கதிதான். தோட்டாவின் அடி விளிம்பைக் காலெட் பிடித்துக்கொள்கிறது. சுத்தியல் தலை கட்டையில் பட்டதும் கூடு நின்றுவிடுகிறது, கனமான குண்டு வந்த வேகத்திலேயே முன்னால் போய்க் கூட்டிலிருந்து கழன்று விழுகிறது. மருந்துக்குத் தீ வைக்கும் சின்னக் குப்பியான பிரைமர் கூட்டின் பின்பக்கம், புல்லரின் மூடிக்குக் கீழே வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எதுவும் அடிப்பதில்லை. பிரைமர் எரிய வேண்டுமானால் துப்பாக்கியின் ஃபயரிங் பின் மாதிரி ஒரு சிறிய முனை அதன் முகத்தில் இடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் கலவை நசுங்க வேண்டும்.

ஆகவே ஆபத்து வரும் வழிகள் இவைதான்.

ரிம்ஃபயர், அதாவது .22 எல்.ஆர். போன்றவற்றை இதில் வைக்கவே கூடாது. அதில் தனிப் பிரைமர் கிடையாது, தீப்பிடிக்கும் கலவை அந்த விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. காலெட் பிடிப்பதும் அதே விளிம்பைத்தான். தட்டினால் வெடிக்கும்.

புல்லரோடு வந்த காலெட்டை விட்டுவிட்டு, வேகமாக வேலை முடியும் என்று பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை உள்ளே போட்டுத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். தயாரித்தவர் எதைக் கொடுத்தாரோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பிரைமர் சரியாக உட்காராமல் அடிப்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கும் தோட்டா, ஏற்கெனவே ஃபயரிங் பின் அடித்தும் வெடிக்காத தோட்டா, இந்த இரண்டையும் நான் தட்டுவதில்லை. அடிபட்ட பிரைமர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதைத் தனியாக ஒதுக்கி ரேஞ்சில் அதற்கென்று இருக்கும் பெட்டியில் போட்டுவிடுவேன். முனையில் ஆரஞ்சு, கறுப்பு என்று நிறம் பூசிய ராணுவத் தோட்டாவும் வேண்டாம். பறக்கும்போது ஒளி விடும் ட்ரேசரும் கவசம் துளைப்பதும் அப்படித்தான் வரும்.

கண்ணாடி கட்டாயம். காதுக்கும் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், 300 தட்டு தட்டினால் அந்தச் சத்தமே தலையைக் குடையும்.


குளிர்நாட்டுக்காரி

எதன்மேல் தட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை. மேசைமேல் ரப்பர் விரித்துத் தட்டினால் முப்பது தட்டு தட்டினாலும் குண்டு வராது, வேகத்தை எல்லாம் ரப்பரே வாங்கிக்கொள்ளும். கறிக்கடைக் கட்டை மாதிரி மரத்தின் வெட்டுமுகம் மேலே பார்த்திருக்கும் துண்டு ஒன்று போதும், தரையில் வைத்துத் தட்டுங்கள். கான்கிரீட்டில் தட்டினாலும் வரும், ஆனால் பிளாஸ்டிக் தலை சீக்கிரம் விரிசல் விடும். ஓங்கி ஒரே போடாகப் போட வேண்டாம், நறுக்கென்று இரண்டு மூன்று தட்டு.

இன்னொன்று. புல்லரின் தலைக்குள் குண்டு விழும் இடத்தில் காதில் வைக்கும் மஞ்சள் நுரை அடைப்பானைப் போட்டுவிடுங்கள். குண்டின் முனை அதில் போய்ப் பதியும், நசுங்காது. இது இல்லாமல் பிரித்த என்னுடைய முதல் ஐம்பது குண்டின் முனையும் சப்பிப்போய்விட்டது.

பிடிவாதமாக வராத தோட்டா சில வரும். ரொம்ப நாள் கிடந்த தோட்டாவில் கூட்டின் கழுத்தும் குண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். அதை முதலில் பிரஸ்ஸில், குண்டை உள்ளே அழுத்தும் சீட்டிங் டையில் விட்டு இம்மியளவு உள்ளே தள்ளுங்கள். “டக்” என்று ஒரு சத்தம் கைக்கே தெரியும், ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் இரண்டு தட்டில் வரும். நேற்று ஏற்றிய உங்கள் தோட்டாவுக்கு இது தேவைப்படாது.


கணக்கன்
(நியூ ஜெர்சி)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 தோட்டாவில் இருக்கும் மருந்து மொத்தம் சுமார் 1,400 கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஆக ஐந்தில் ஒரு பங்கு பவுண்ட், பவுண்ட் 40 டாலர் என்றால் எட்டு டாலர். குண்டு ஒன்று பத்து சென்ட் என்று வைத்தால் 30 டாலர். பிரைமர் இன்னொரு இருபது. மொத்தம் 60 டாலரைத் தாண்டாது. இதற்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தட்ட வேண்டுமா? மொத்தமாக ஒப்படைத்துவிட்டு, புதிதாக வாங்கி ஏற்றலாமே?


பழையபித்தளை

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் யாரிடம் ஒப்படைப்பது? குப்பையில் போட முடியாது. சில ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள், சில ஊரில் மாட்டோம் என்பார்கள். ஏற்றியது யாரோ அவரே பிரித்துவிட்டால் அந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. 2020-லும் 2021-லும் பிரைமர் கிடைக்காமல் நாம் எல்லோரும் அலைந்தோம், ஆயிரம் பிரைமர் நூறு டாலருக்கு மேல் கைமாறியது. அதை நினைத்தால் எனக்கு ஒரு பிரைமரையும் வீணாக்க மனம் வராது.

அதோடு, தட்டித் தட்டி 300-ஐப் பிரித்த கை இனி லாக் நட்டைத் தொட்டுப் பார்க்காமல் அளவையை இழுக்காது.

திரும்பப் பயன்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

குண்டு: முனை சிதையாமல், பக்கத்தில் ஆழமான கீறல் இல்லாமல் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். போட்டிக்கு வேண்டாம், பழக்கத்துக்குப் போதும்.

கூடும் பிரைமரும்: பிரைமரைக் கழற்றவே வேண்டாம், கூட்டிலேயே இருக்கட்டும். குண்டை வெளியே எடுத்ததில் கழுத்துப் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதனால் மறுபடி கூட்டை இறுக்கும் சைஸிங் டையில் விட வேண்டும். விடும் முன் டைக்குள் இருக்கும், பழைய பிரைமரை வெளியே தள்ளும் டீகேப்பிங் பின்னைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் உயிருள்ள பிரைமரை அந்தப் பின் குத்தித் தள்ளும். கழற்றிய பின்னை மேசைமேல் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் நான் முதல் கூட்டையே ஏற்றுவேன். அது அங்கே இருந்தால் டைக்குள் இல்லை என்று நிச்சயம்.

மருந்து: இதில் நான் கறார். உங்கள் விஷயத்தில் எந்த மருந்து என்று தெரியும், ஒரே டப்பாவிலிருந்து வந்தது, நேற்றுதான் ஏற்றியது. அதனால் பயன்படுத்தலாம். ஆனால் அசல் டப்பாவில் திருப்பிக் கொட்டாதீர்கள். தனி டப்பாவில், பெயரும் தேதியும் எழுதி, முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.


குளிர்நாட்டுக்காரி

மருந்து விஷயத்தில் அண்ணாவோடு நான் ஒத்துப்போகவில்லை. எட்டு டாலர் மருந்துக்காக அந்த ரிஸ்க் எதற்கு? புல்லரின் மூலையில் முந்தைய தடவைப் பிரித்த மருந்து நாலு மணி ஒட்டிக்கொண்டிருக்கும். குண்டு நசுங்கிய ஈயத் துகள் விழும், காதடைப்பானின் நுரை பிய்ந்து விழும். நான் எவ்வளவு தெரிந்த மருந்தாக இருந்தாலும் கொட்டிவிடுவேன்.


பழையபித்தளை

புல்லர் புதிதாக வாங்குகிறார், அதில் முந்தைய மருந்து எப்படி இருக்கும்? துகளை டீ வடிகட்டியில் சலித்துவிடலாம். ஆனால் நீங்கள் சொல்வதன் அடிப்படை சரி. சந்தேகம் ஒரு மணியளவு இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு அனுபவம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அவர் மனைவி ஒரு இரும்புப் பெட்டி நிறைய .30-06 ரைஃபிள் தோட்டாவைக் கொண்டுவந்து கொடுத்து, உங்களுக்குப் பயன்படுமா பாருங்கள் என்றார். அட்டையில் அவர் கையெழுத்தில் மருந்தின் பெயர், அளவு, வருஷம் எல்லாம் அழகாக இருந்தது. இன்னொருவர் ஏற்றிய தோட்டாவை நான் சுடுவதில்லை, அதனால் பிரித்தேன். முதல் பெட்டியில் பதினைந்து தோட்டா வரை குச்சி குச்சியான மருந்து. பதினாறாவதைக் கவிழ்த்தால் கடுகு மாதிரி உருண்டை மருந்து. அதே பெட்டி, அதே அட்டை, அதே கையெழுத்து. இரண்டும் எரியும் வேகம் எவ்வளவு வேறோ தெரியாது. நாலைந்து கூட்டின் உட்பக்கம் பச்சை பூத்து, மருந்து புளித்த அமில வாடை அடித்தது. நைட்ரோசெல்லுலோஸ் பழசாகிக் கெட்டுப்போனால் அந்த வாடைதான் வரும். வாடை வந்த மருந்தை வீட்டுக்குள் ஒரு ராத்திரிகூட வைக்கக் கூடாது, தானாகவே சூடேறும்.

குண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். மருந்தை எல்லாம் பின்கட்டில், காய்ந்த புல் எதுவும் இல்லாத வெறும் மண்ணில், மெல்லிய கோடாகத் தூவி நீளக் காகிதத் திரி வைத்து எரித்தேன். குவித்து வைத்து எரிக்கக் கூடாது, ஒரு அங்குல உயரத்துக்குமேல் போகவே கூடாது. புகையில்லா மருந்து திறந்த வெளியில் வெடிக்காது, பெரிய மஞ்சள் தீயாக எரிந்து போகும், ஆனால் அந்தத் தீ எதிர்பார்ப்பதைவிட வேகமாகவும் உயரமாகவும் வரும். எரிக்கத் தடை இருக்கும் ஊராக இருந்தால் புல்வெளியில் பரவலாகத் தூவிவிடலாம், மழையில் கரையாது, மெல்ல மெல்லத்தான் சிதையும். நாய் வளர்ப்பவர்கள் தூவ வேண்டாம்.


நொய்யல்கரை
(கோயம்புத்தூர்)

அண்ணா, இழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் தாத்தாவின் 12 போர் டபுள் பேரல் லைசென்ஸோடு அப்பா பெயரில் இருக்கிறது. பழைய தோட்டா ஒரு பெட்டி, காக்கி அட்டைப் பெட்டியில் சக்திமான் எக்ஸ்பிரஸ், சிலதில் அடிப் பித்தளை பச்சை பிடித்திருக்கிறது. நாட்டுத் துப்பாக்கிக் காலத்தில் தாத்தா கேப்பு, மருந்து, ரவை (சின்ன ஈயக் குண்டு) எல்லாம் தனித்தனியாக வைத்திருப்பார் என்று அப்பா சொல்வார். இந்தத் தோட்டாவின் வாயைப் பிரித்து ரவையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?


பழையபித்தளை

வேண்டாம் தம்பி. நாங்கள் இங்கே பேசுவது அமெரிக்கச் சட்டத்தில் அனுமதி உள்ள பொழுதுபோக்கு. உங்கள் ஊரில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். தோட்டா தயாரிப்பதற்கு அதில் தனி உரிமம் கேட்கிறார்கள், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குப் போதாது. ரவைக்காகத் தோட்டாவைப் பிரித்து அப்பாவின் லைசென்ஸுக்கு வம்பு இழுத்துவிடாதீர்கள். பச்சை பிடித்த தோட்டாவைச் சுடவும் வேண்டாம். லைசென்ஸ் புத்தகத்தோடு அப்பாவை ஆயுதக் கடைக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போய்க் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையைப் புத்தகத்தில் சரிபார்த்து எழுதி வாங்கிக்கொள்வது முக்கியம்.


வன்னிப்பிள்ளை
(ரொறன்ரோ)

நான் ரவை (நீங்கள் சொல்கிற தோட்டா) ஏற்றுகிற ஆள் இல்லை. இந்த இழையைத் தேடலில் கண்டு வந்தேன். ஒரு விசயம் சொல்லாமல் போக மனம் இல்லை.

இலங்கையில், எங்கட ஊரில் இருந்து ஆராவது இதை வாசித்தால், தயவுசெய்து இதை அதோடு சேர்த்து விளங்கிக்கொள்ள வேண்டாம். நிலத்துக்குள் இருந்து வருகிற ரவை, செல் (பீரங்கிக் குண்டு), கைக்குண்டு எல்லாம் வேறு. இவர் நேற்றுத் தன் கையால் ஏற்றியது, உள்ளே என்ன இருக்கு என்று கிராம் கணக்கில் தெரியும். மண்ணுக்குள் கிடந்தது எந்த நிலையில் இருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. சண்டை 2009 மே மாதத்தோடு முடிந்தது, ஆனால் பழைய இரும்பு விற்கிறவர்கள் பித்தளைக்கும் செம்புக்கும் ஆசைப்பட்டுச் செல்லை வெட்டிச் செத்த கதை எங்கட பக்கம் புதுசில்லை. எங்கட ஒழுங்கையில் இருந்த ஒரு பெடியன் சுத்தியலால் தட்டித்தான் இரண்டு விரலை இழந்தவன். பதினொரு வயசு.

கண்டால் தொடாமல், அந்த இடத்துக்கு ஒரு தடி நட்டு அடையாளம் வைத்து, கிராம அலுவலரிடமோ பொலிசிடமோ சொல்லுங்கோ. ஹலோ ட்ரஸ்ட் போன்ற கண்ணிவெடி அகற்றும் ஆக்கள் வந்து எடுப்பினம்.


பழையபித்தளை

நல்ல நேரத்தில் சொன்னீர்கள், நன்றி. இழையைத் தொடங்கிய தம்பி முதல் பதிவின் தலையிலேயே இதைச் சேர்த்துவிட்டால் நல்லது.


ஹூஸ்டன்வாசி

சேர்த்துவிட்டேன். வன்னிப்பிள்ளை அண்ணா, அந்தப் பையன் விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

புல்லர் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை இரவு தொடங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம், பிரைமரோடு இருக்கும் கூட்டைப் பயன்படுத்தப் பிடிக்காவிட்டால் எண்ணெய் விட்டுச் செயலிழக்க வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரியா?


குளிர்நாட்டுக்காரி

எண்ணெயை நம்பாதீர்கள். நாள்கணக்கில் ஊறப் போட்ட பிரைமர் காய்ந்ததும் பட்டென்று வெடித்ததை நானே பார்த்திருக்கிறேன். செயலிழந்துவிட்டது என்று நினைத்துக் கவனமில்லாமல் கையாள்வதுதான் அதில் ஆபத்து. கட்டாயம் பிரைமரை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடி, காதடைப்பு போட்டு, பிரஸ்ஸில் ஒவ்வொன்றாக, மெல்ல மெல்ல, அழுத்தித் தள்ள வேண்டும். இடித்துத் தள்ளக் கூடாது. பக்கத்தில் திறந்த மருந்தோ பிரைமர் தட்டோ இருக்கக் கூடாது. உங்கள் கூடு எல்லாம் நல்ல கூடு, உங்களுக்கு அந்த வேலையே இல்லை.


ஹூஸ்டன்வாசி
(ஒன்பது நாள் கழித்து)

முடிந்தது. மூன்று ராத்திரியும் ஒரு சனிக்கிழமையும் ஆனது. மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல்.

புளியமரக் கட்டை கிடைக்கவில்லை, ஓக் மரத்தில் வெட்டுமுகத் துண்டு ஒன்று விறகு விற்பவரிடம் வாங்கினேன். காதடைப்பான் வைத்ததில் குண்டு ஒன்றுகூடச் சப்பவில்லை. முதல் தோட்டாவைத் தட்டும்போது கை நடுங்கியது, உண்மை. இரண்டாவது தட்டில் சத்தம் மாறியது. அதுவரை “டொக்” என்று கெட்டியாகக் கேட்டது, குண்டு கழன்றதும் உள்ளே மருந்து சலசலக்கும் சத்தம். அதன் பிறகு சத்தத்தை வைத்தே எது வந்துவிட்டது, எது வரவில்லை என்று தெரிந்தது.

ஒவ்வொன்றாகத் தட்டி, மூடியைக் கழற்றி, குண்டை ஒரு தட்டில், மருந்தைத் தராசின் சின்னக் கிண்ணத்தில். முதல் 60 தோட்டாவின் மருந்தை நிறுத்து எழுதி வைத்தேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. அதில் 37 சரியாக இருந்தது. 23 கூடுதல். அதிகபட்சம் 0.8 கிரெயின். கடைசியாக ஏற்றியதில் 0.6 பார்த்தேன் அல்லவா, அதற்கு முன்னால் ஏற்றிய ஒன்று அதைவிட மோசம். திருகு ஒரே பக்கமாகச் சுற்றவில்லை, முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. ஒரு தோட்டாவை நிறுத்துப் பார்த்து மற்றதை ஊகித்திருந்தால் ஊகம் தப்பாகியிருக்கும்.

மருந்து விஷயத்தில் அக்கா சொன்னதைக் கேட்டேன். சலித்துப் பார்த்தபோது பித்தளைச் சீவல் இரண்டு கண்ணில் பட்டது, அதோடு முடிவு செய்துவிட்டேன். மழைக்கு முன்னால் பின்பக்கப் புல்லில் தூவியாயிற்று, நாய் இல்லாத வீடு. கூடு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், மூன்றில் அடியில் மருந்து ஒட்டியிருந்தது. டீகேப்பிங் பின்னைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, மறுபடி சைஸ் செய்துவிட்டேன். சாப்பிடும் முன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், ஈயம் என்பதால்.


பழையபித்தளை

ரொம்ப நிறைவாக இருக்கிறது தம்பி. அந்த 23 தோட்டாவும் உங்கள் துப்பாக்கிக்குள் போகாமல் நின்றுவிட்டது. லாக் நட்டுக்கு என்ன செய்தீர்கள்?


ஹூஸ்டன்வாசி

நட்டும் அளவையின் உடம்பும் தொடும் இடத்தில் வெள்ளை பெயின்டில் ஒரே கோடாக இழுத்துவிட்டேன் அண்ணா. நட் நகர்ந்தால் கோடு இரண்டாக உடையும், தூரத்திலிருந்தே தெரியும். ஏற்றிய தோட்டாவை இப்போது ஐம்பது ஐம்பதாகத் தனிப் பெட்டியில் வரிசையாக வைக்கிறேன், ஒவ்வொரு பெட்டிக்கும் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நிறுத்து அட்டையில் எழுதுகிறேன். நேற்று முதல் ஐம்பது ஏற்றினேன். கடைசியில் நிறுத்தபோது தராசு காலையில் காட்டிய அதே எண்ணைக் காட்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.